வாசலுக்குப் பதில் நிலக்கரி

ஆங்கிலத்தில் 'கெட்' என்று ஒரு சனியன் பிடித்த வினைச்சொல் இருக்கிறது. கடிதம் கிடைத்தாலும் கெட், கடையில் ரொட்டி வாங்கினாலும் கெட், கிழடு தட்டினாலும் கெட், வீடு போய்ச் சேர்ந்தாலும் கெட். எதிராளி சொல்வது புரிந்தாலும் அதுதான், அவன் பேச்சு எரிச்சலைக் கிளப்பினாலும் அதுதான். செக் மொழியில் இந்தச் சொகுசெல்லாம் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் தனி வினை வேண்டும். ஒரு தரம் செய்தால் ஒன்று, தினமும் செய்தால் வேறொன்று. எங்கள் பிர்னோ நகரத்தில் ஆங்கிலம் படித்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இந்த ஒரு சொல்லால் தலையைப் பிய்த்துக்கொள்ளாதவர் இருக்க மாட்டார்.

எங்கள் தடித்த நீல அகராதியில் அந்தச் சொல்லுக்கு மட்டும் ஏழு பக்கம். ஏழும் தேன். அகராதியின் முன்பக்கத்தில் 'ஜி' எழுத்துக்கு நேரே எவ்ஷென் ஹலோஸ்கா என்று பெயர் போட்டிருந்தது. ஆனால் அந்த ஏழு பக்கத்தில் ஒரு வரிகூட ஹலோஸ்கா எழுதியதில்லை. எழுதியவள் ஒரு பம்புத் தொழிற்சாலையின் வாசல் காவல்காரி. பெயர் டிராஹொமீரா கோட்னா, கூப்பிடுவது டிராஹா என்று.

பிறக்கும்போதே யாரும் வாசல் காவலுக்கென்று பிறப்பதில்லை. முப்பத்தெட்டு வயதுவரை டிராஹா ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. நல்ல ஆசிரியை, ஆனால் வாய் மட்டும் சும்மா இருக்காது. அறுபத்தெட்டு ஆகஸ்டில் ஊருக்குள் சோவியத் டாங்கிகள் வந்தன. இரண்டு வருடம் கழித்து நாட்டில் ஒவ்வொரு ஆசிரியரையும் மூன்று பேர் கொண்ட குழுவின் முன் உட்காரவைத்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: நேச நாட்டுப் படைகள் வந்ததை ஒத்துக்கொள்கிறீர்களா? ஆமாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து காறித் துப்பினவர்கள் உண்டு. டிராஹா என்ன சொன்னாள் தெரியுமா?

"வரும்போது என்னைக் கேட்டுக்கிட்டா வந்தாங்க? இப்ப மட்டும் எதுக்கு என் சம்மதம்?"

வேலை போவதை எங்கள் ஊரில் 'பாராசூட் கொடுத்துவிட்டார்கள்' என்போம். டிராஹா தன் பாராசூட்டோடு வந்து இறங்கிய இடம், ஊர் ஓரத்துப் பம்புத் தொழிற்சாலையின் வாசல் அறை. உள்ளே வருகிறவர்களின் அட்டையைப் பார்க்க வேண்டும், லாரி எண்ணைக் குறிக்க வேண்டும், வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து பார்க்க வேண்டும். அவள் கணவன் கமில் டிராம் ஓட்டுநர். "நீ நிக்கிற, நான் ஓடறேன், ரெண்டு பேருக்கும் சம்பளம் ஒண்ணுதான்" என்று அவளைச் சிரிக்கவைக்கப் பார்ப்பான். முதல் ஒரு வருடம் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் குழுவின் முன் டிராஹாவுக்கு அடுத்து உட்கார்ந்தவர்தான் ஹலோஸ்கா. ஒரே பள்ளி, ஒரே பாடம். அவர் ஆமாம் என்றார், வேலையில் இருந்தார். அன்றிலிருந்து தெருவில் அவளைக் கண்டால் எதிர்ப்புறம் தாண்டிப் போய்விடுவார்.

ஆறு வருடம் கழித்து, எழுபத்தாறு அக்டோபரில், அதே மனிதர் ஒரு காகிதப் பை நிறையப் பிளம் பன்னோடு வாசல் அறை ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றார்.

"என்ன எவ்ஷென், வழி தவறிட்டியா? பள்ளிக்கூடம் அந்தப் பக்கம்."

"உள்ள வரலாமா?"

"அட்டை இருக்கா?"

"டிராஹா, விளையாடாதே. எனக்கு வேற போக்கிடம் இல்ல."

உள்ளே வந்து, கணப்பு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். தலைநகர் பிராகில் ஒரு பெரிய ஆங்கில-செக் அகராதி தயாராகிறது. எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அவருக்கு 'ஜி'. பெயர்ச்சொற்களையெல்லாம் எப்படியோ ஒப்பேற்றிவிட்டார்.

"'கெட்'டுல வந்து மாட்டிக்கிட்டேன். ரெண்டு மாசம் ஆச்சு. நான் எழுதற செக்கைப் படிச்சா எனக்கே வாந்தி வருது."

"எல்லாத்தையும் ஒத்துக்கறவன்தானே நீ? அதையும் ஒத்துக்கிட்டுக் கொடுத்துடு."

ஹலோஸ்கா தன் காலணியைப் பார்த்தார். "திட்டு. நல்லா திட்டு. ஆனா நீ எழுதிக் கொடு. பேர் என்னோடது, வேலை உன்னோடது. உன் பேரைப் போட்டா ஒரு வரி அச்சேறாதுன்னு உனக்கே தெரியும்."

அந்தக் காலத்தில் எங்களிடையே இப்படி ஒரு வழக்கம் இருந்தது. தடை விழுந்தவர் வேலை செய்வார், தடை இல்லாதவர் பெயரைக் கொடுப்பார். யாரும் யாரிடமும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. கொடுத்தவர் மாட்டினால் அவருக்கும் பாராசூட்தான்.

டிராஹா வீராப்பாக உட்கார்ந்திருந்தாள். உள்ளுக்குள் கை பரபரத்தது. ஆறு வருடமாக ஒரு சொல்லை இன்னொரு சொல்லோடு நிறுத்துப் பார்க்கவில்லை. ஆங்கிலம் தனக்குள் செத்துக்கொண்டிருக்கிறது, இன்னும் ஆறு வருடம் போனால் தான் வெறும் லாரி எண் குறிக்கிறவள்தான் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. இந்தச் சொல் கைக்கு வந்தால் தான் பிழைத்துக்கொள்வோம் என்று அவளுக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

"பன்னை வெச்சுட்டுப் போ. நாளைக்கு உன் குறிப்புச் சீட்டையெல்லாம் கொண்டு வா. என்ன கண்றாவி பண்ணி வெச்சிருக்கேன்னு பார்க்கறேன்."

மறுநாளிலிருந்து வாசல் அறையின் பெஞ்சுக்கடியில் காலணிப் பெட்டிகள் சேர ஆரம்பித்தன. ஒரு பொருளுக்கு ஒரு பெட்டி. 'அடைவது' ஒன்று, 'ஆவது' ஒன்று, 'தப்பிப்பது' ஒன்று, 'ஒத்துப்போவது' ஒன்று. பெட்டிக்குள் உள்ளங்கை அகலச் சீட்டுகள். அகராதி எழுதுகிற பெரிய மனிதர்கள் நூலகத்தில் உட்கார்ந்து எழுதுவார்கள். டிராஹாவுக்கு வாய்த்தது தொழிற்சாலை வாசல். அதுவே நல்லதாகப் போயிற்று. முந்நூறு பேர் தினமும் அவளைத் தாண்டித்தான் போகவேண்டும், முந்நூறு பேருக்கும் வாய் இருந்தது.

லேத் பட்டறை ஷுஸ்டாச்செக்தான் முதல் ஆள். எங்கள் ஊரில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியரைப் புரொபசர் என்றுதான் கூப்பிடுவோம். டிராஹாவின் பழைய பதவியைத் தெரிந்துகொண்டு அவரும் அப்படியே கூப்பிட்டார், பாதி மரியாதை, பாதி கேலி.

"புரொபசரம்மா, இன்னிக்கு என்ன கேள்வி?"

"உங்களுக்கு நிமோனியா வந்து பிழைச்சுட்டீங்க. வெளியில என்னன்னு சொல்வீங்க?"

"நக்கி நக்கித் தேறிட்டேம்பேன். நாய் புண்ணை ஆத்திக்கிற மாதிரி."

"பிரமாதம். சரி, ஒரு காரியத்துல இறங்கிட்டுக் கடைசி நேரத்துல பயந்து ஜகா வாங்கிட்டீங்க."

"கால்சட்டை ரொம்பிப் போச்சும்பேன். ஐயையோ, அதை எழுதாதீங்க, பொம்பளைங்க படிப்பாங்க."

"பொம்பளைதான்யா எழுதறேன். தொலைஞ்சு போடான்னு ஒருத்தனை விரட்டணும்?"

"போய் உன் காலை உதறிக்கோம்பேன். எங்க மேஸ்திரி மூஞ்சியைப் பார்த்தாலே அது தானா வாயில வருது."

மேஸ்திரி அவருக்குப் பின்னாலேயே வரிசையில் நின்றிருந்தார். "ஷுஸ்டாச்செக், முதல்ல நீ உதறு, பட்டறைக்கு நேரமாச்சு" என்றார். வரிசையே சிரித்தது. டிராஹா சிரித்துக்கொண்டே சீட்டில் எழுதினாள். கமிலிடம் அன்று மாலை அதைச் சொன்னபோது அவளுக்கு மறுபடி சிரிப்பு வந்தது. கமில் சூப்பைக் குடிக்காமல் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு மூன்று எடுத்துக்காட்டு வாக்கியம் கேட்டிருந்தார்கள். பழைய அகராதிகளில் இருந்தவை அவளுக்குப் பிடிக்கவில்லை. எஜமானர் குதிரை மீது ஏறினார், தளபதிக்குப் பதக்கம் கிடைத்தது. எந்த எஜமானர், எந்தக் குதிரை? அவளே வாக்கியம் செய்தாள். மளமளவென்று வந்தது. எழுபத்தேழு ஏப்ரலில் மெல்லிய தாளில் மூன்று படி தட்டச்சு செய்து ஹலோஸ்காவிடம் கொடுத்தாள். அவர் வாசித்துவிட்டு மூக்கைச் சிந்தினார். பிராகுக்கு அனுப்பினார்.

மே மாதம் பதில் வந்தது. ஹலோஸ்கா அதைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல் அறைக்கு ஓடி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. கடிதம் எழுதியவர் அகராதியின் தலைமைப் பதிப்பாசிரியர், தோழர் ஸ்டோக்லசோவா. கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். அவர் பென்சில் பட்ட கையெழுத்துப் பிரதி உயிரோடு திரும்புவதில்லை என்று பெயர். கடிதத்தில் மூன்றே வரி: 'கெட் மிக நன்று. ஆனால் இதை எழுதியது நீங்கள் அல்ல. வியாழக்கிழமை பிர்னோ வருகிறேன்.'

"எப்படித் தெரிஞ்சுது? நீ யாருகிட்டயாவது சொன்னியா?" என்றார் ஹலோஸ்கா.

"நானா? எனக்கென்ன பைத்தியமா?"

இரண்டு பேரும் கார்பன் படியை எடுத்து வைத்து வாசித்தார்கள். நான்காவது தாளில் டிராஹா விரலை வைத்து நிறுத்தினாள்.

'என்னைப் பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்கள்.' 'லாரி பத்து மணிக்கு முன் வந்து சேராது.' 'இந்த ஜன்னலுக்கு வெயிலே வருவதில்லை.' 'ரயில் வந்தால் வாசலைத் தாண்டி யாரும் போக முடியாது.' 'என் கணவருக்கு இன்றைக்கும் பழைய டிராம்தான் கிடைத்தது.' 'இங்கிருந்து நான் எப்போது வெளியே போவேன்?' இப்படியே இருநூற்றுச் சொச்சம்.

"அடப்பாவி மனுஷி!" என்றார் ஹலோஸ்கா. "எனக்கு ஏது புருஷன்? நான் எப்ப டிராம்காரனைக் கட்டிக்கிட்டேன்?"

முன்பக்கத்தில் பெயரை மறைப்பதற்கு அத்தனை ஜாக்கிரதை. உள்ளே ஏழு பக்கமும் அவளே உட்கார்ந்திருந்தாள், கணவனோடும் வாசலோடும் ஜன்னலோடும். எழுதும்போது அவளுக்கு இது தோன்றவே இல்லை. வாக்கியம் வேண்டும், கண்ணெதிரே இருந்ததை எடுத்துப் போட்டாள், அவ்வளவுதான்.

அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. ஹலோஸ்காவுக்கு வேலை போகும். சொல் அவள் கையைவிட்டுப் போகும். டிராம் வேலை முடிந்து வந்த கமில், விஷயத்தைக் கேட்டு, "நீ டைப் மட்டும்தான் அடிச்சேன்னு சொல்லிடு" என்றான்.

"அப்ப எவ்ஷென் மட்டும் மாட்டணுமா? நான்தான் அவன் வீட்டுலேருந்து திருடிக்கிட்டு வந்து எழுதினேன்னு சொல்லப்போறேன்."

"எழுத்தைத் திருடினாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். வேலையைத் திருடிச் செஞ்சேன்னா யாரு நம்புவா?" என்றான் கமில்.

ஹலோஸ்கா தொப்பியைத் திருகிக்கொண்டே, "யாரும் எதுவும் சொல்ல வேணாம். வியாழக்கிழமை அந்தம்மா வீட்டுக்கு வந்தா நானே உண்மையைச் சொல்லிடறேன், நான் கெஞ்சித்தான் நீ செஞ்சேன்னு. எழுபதுல ஒரு தரம் ஆமான்னது போதும்" என்றார். அவர் குரல் நடுங்கியது. ஆனாலும் சொல்லிவிட்டார். டிராஹா அவரை அன்றைக்குத்தான் முதன்முதலாக மன்னித்தாள். வாயால் சொல்லவில்லை, இருந்த ஒரு கோப்பைக் காப்பியை அவர் பக்கம் நகர்த்திவைத்தாள்.

வியாழக்கிழமை பதினொன்றரை மணி. சாம்பல் நிற மழைக்கோட்டுப் போட்ட ஓர் அம்மாள் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றார். கையில் கனமான தோல்பை.

"யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டாள் டிராஹா, அனுமதிச் சீட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டே.

"உங்களைத்தான். ஸ்டோக்லசோவா. அட்டை வேணுமா?"

டிராஹாவின் கையிலிருந்த பேனா மேசையில் உருண்டு கீழே விழுந்தது. அந்தம்மாளே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"ஹலோஸ்கா சொன்னாரா?"

"அவரை நான் இன்னும் பார்க்கவே இல்ல. பிர்னோவுல ரயில் பாதையை ஒட்டின தொழிற்சாலை வாசல் மூணுதான். முதல் ரெண்டுலயும் மீசைக்காரங்க உட்கார்ந்திருக்காங்க. நீங்க எழுதியிருக்கற லட்சணத்துக்கு உங்களைக் கண்டுபிடிக்க போலீஸ் வேணுமா என்ன? நானே ஒரு மணி நேரத்துல வந்துட்டேன்."

"தப்பு என்னோடதுதான் தோழர். ஹலோஸ்காவுக்கு இதுல..."

"முதல்ல வாயை மூடுங்க. உங்க வாய்தான் உங்களை இங்க கொண்டாந்து விட்டிருக்கு." அந்தம்மாள் தோல்பையைத் திறந்தார். "நான் நல்லவள்னு நினைச்சுக்காதீங்க. என்கிட்ட கட்சி அட்டை இருக்கு, கூட்டத்துல கை தூக்கறேன். ஆனா எனக்கு நல்ல அகராதி வேணும். இந்த நாட்டுல ஆங்கிலம் ஒழுங்காத் தெரிஞ்சவங்க எல்லாரும் கொதிகலன் அறையில கிடக்கறாங்க. நான் எங்க போய்த் தேடறது?"

டிராஹா குனிந்து பேனாவை எடுத்தாள்.

"உங்களை மாதிரி இந்த அகராதியில பதினோரு பேர் இருக்காங்க. பதினோரு பேரும் ஒரே தப்பு. 'எஸ்' எழுத்து ஜன்னல் துடைக்கிறவர், அதுல வாக்கியமெல்லாம் வாளியும் ஏணியும். 'எம்' எழுத்து கொதிகலனுக்குக் கரி அள்ளறவர், 'மேக்' பூரா நிலக்கரி. படிச்சா என் கையெல்லாம் கறுத்துப் போகுது. பேரை மறைக்கத் தெரியுது, வாழ்க்கையை மறைக்க ஒருத்தருக்கும் தெரியல."

"அப்ப எல்லாத்தையும் மாத்தி எழுதிடறேன். டிராக்டர், அறுவடை, பாட்டுக் குழு..."

"ஐயோ, அந்தக் கண்றாவி வேணாம். வாக்கியத்துக்கு உயிர் இருக்கறதே அதனாலதான்." பையிலிருந்து 'மேக்' எழுதினவரின் நாலு தாளை எடுத்து மேசையில் வைத்தார். "பள்ளிக்கூடத்துலேருந்து நீக்கினது, வெளிய போறது, அந்த ஏழு வாக்கியத்தை எடுத்துடுங்க. அது ஆபத்து. மத்ததுல பாதியை என்கிட்ட கொடுங்க. உங்க வாசலும் லாரியும் 'மேக்'குக்குப் போகட்டும். அவரோட நிலக்கரியை நீங்க வெச்சுக்குங்க. கொதிகலனைச் சூடாக்கறதுக்கு 'கெட்'டும் பொருந்தும், 'மேக்'கும் பொருந்தும். வாளி ரெண்டு பேருக்கும். எல்லா எழுத்துலயும் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தா யாரும் யாரையும் கண்டுபிடிக்க முடியாது."

டிராஹா தாளை எடுத்துப் படித்தாள். யாரோ ஒரு முகம் தெரியாத மனிதன் விடியலில் எழுந்து, சாம்பல் வாரி, அழுத்தமானியைப் பார்த்து, ரொட்டியில் பன்றிக்கொழுப்புத் தடவித் தின்றுகொண்டிருந்தான். செக் மொழி அத்தனை அழகு. ஆறு வருடமாகத் தான் ஒருத்திதான் இப்படி மூலையில் கிடக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள், மேசைமேல் தலையைச் சாய்த்துத் தேம்பித் தேம்பி அழுதாள்.

"இவரு பேரு என்ன?"

"தெரியாம இருக்கறதுதான் உங்களுக்கும் நல்லது, அவருக்கும் நல்லது. அழுது முடிச்சாச்சா? ரெண்டு வாரம் தரேன். நல்லா செஞ்சா 'கிவ்'வும் 'கோ'வும் உங்களுக்குத்தான். ஹலோஸ்காகிட்ட நானே சொல்லிக்கறேன், மனுஷன் மாரடைச்சுச் செத்துடப்போறார்."

இப்படித்தான் எங்கள் நீல அகராதி உருவாயிற்று. எண்பத்தொன்றில் வெளிவந்தது. டிராஹா அதை வாசல் அறை மேசைமேல் வைத்திருந்தாள்; லேத் பட்டறை ஆட்கள் வந்து தாங்கள் சொன்னதைத் தேடிப் பார்த்துவிட்டுப் போவார்கள். பிறகும் அவளுக்கு வேலை வந்துகொண்டே இருந்தது. ஹலோஸ்கா மாதம் ஒருமுறை பன் கொண்டுவந்தார். இப்போது எதிர்ப்புறம் தாண்டிப் போவதில்லை. ஓய்வு பெறும்வரை வாசலில்தான் இருந்தாள், ஆனால் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "அகராதி எழுதறேன்" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாளாம்.

எண்பத்தொன்பது நவம்பரில் ஆட்சி கவிழ்ந்தது. மறு வருடம் வசந்தத்தில் பதிப்பகம் எல்லாரையும் பிராகுக்குக் கூப்பிட்டது. புதிய பதிப்பில் உண்மையான பெயர்களைப் போட வேண்டும், வந்து சொல்லுங்கள் என்று. நீண்ட அறை, காப்பி, வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டுகள். நாற்பது பேருக்குமேல் வந்திருந்தார்கள். அகராதியில் பேர் வாங்கினவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்குத்தான் சங்கடம். அப்போது ஹலோஸ்கா எழுந்தார். வயதாகிவிட்டது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

"'கெட்'டுக்காக என்னைப் ஒம்பது வருஷமாப் பாராட்டறாங்க. மாணவர்கள் கையைப் பிடிச்சுக் குலுக்கறாங்க. அது நான் இல்ல. அதோ, ஜன்னல் பக்கத்துல நிக்கறாங்களே, டிராஹொமீரா கோட்னா, அவங்கதான்."

அதற்கப்புறம் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அறையே கலகலப்பாகிவிட்டது. கைதட்டலுக்கு நடுவில் டிராஹாவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அவளை நோக்கி நெடுநெடுவென்று ஒரு மனிதர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பெரிய கைகள்.

"நான் ஹினெக் மராஷ். பில்சன்லேருந்து. 'மேக்' நான்தான்." அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க வாக்கியங்களை என்கிட்டதான் கொடுத்து வெச்சாங்க. ஒண்ணு மட்டும் கேக்கணும், தப்பா நினைச்சுக்காதீங்க. 'பனி கொட்டுகிறது, டிராம்கள் நின்றுவிட்டன, அவர் எப்படி வீடு வந்து சேரப்போகிறார்'னு ஒண்ணு இருந்துதே. அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு எதுலயும் இல்ல. கரி அள்ளும்போதெல்லாம் நினைச்சுப்பேன். அவர் அன்னைக்கு வந்து சேர்ந்தாரா?"

டிராஹா தலையை ஆட்டினாள், மறுபடி ஆட்டினாள்.

"வந்தார். ஊர்க்கோடியிலேருந்து நடந்தே வந்தார், மீசையெல்லாம் பனி. சூப்பை மூணாவது தரமா சூடு பண்ணிக் கொடுத்தேன்." அவள் திரும்பி, ரொட்டித் துண்டும் கையுமாக மூலையில் நின்றவனைக் கூப்பிட்டாள். "கமில், தின்னது போதும், இங்க வா. இவரு பதிமூணு வருஷமா உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காரு."